நாற்பத்தேழாவது படம்

இருபதாவது கொண்டை ஊசி வளைவும் முடிந்து ஏற்காடு ஏரி கண்ணில் பட்டபோது, தனியார் துப்பறிவாளர் தேவசிகாமணியின் முகம் வாழைப்பட்டை மாதிரி வெளுத்திருந்தது. சேலத்தில் பத்தொன்பது வருஷமாகத் துப்பறிகிற மனிதர். கத்தியோடு நின்ற ஆளிடம் போய் மணி என்ன என்று கேட்டவர். ஆனால் மலைப்பாதை என்றால் மட்டும் வயிறு அவர் பேச்சைக் கேட்காது. வாயில் ஒதுக்கியிருந்த உப்பு நாரத்தங்காய் கரைந்து வெறும் தோலாகியிருந்தது.

“சார், இனிமே வளைவு கிடையாது. கண்ணைத் தொறக்கலாம்” என்றான் அவருடைய உதவியாளன் காளியப்பன்.

“எத்தனை வளைவு எண்ணினே காளி?”

“இருபதுங்க. ஒவ்வொண்ணுக்கும் நீங்க ஒரு சாமி பேரு சொன்னீங்க. பதினெட்டாவதுல சாமி தீந்துபோயி டிரைவர் பேரைச் சொன்னீங்க.”

தேவசிகாமணி சிரிக்கவில்லை. சிரித்தால் நாரத்தங்காய் வெளியே வந்துவிடும் போலிருந்தது.

காளியப்பனுக்கு வயது இருபத்தெட்டு. ஓமலூர்ப் பக்கத்தில் மாடு வளர்க்கிற குடும்பம். அவன் வாய் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. அந்த வாய்க்காகத்தான் தேவசிகாமணி அவனை வைத்திருக்கிறார் என்று சிலரும், அந்த வாயையும் பொறுத்துக்கொண்டு வைத்திருக்கிறார் என்று சிலரும் சொல்வார்கள்.

1986-ஆம் வருஷம், ஜூன் மாதம். மழை ஆரம்பித்துவிட்டது. ஏரிக்கரைக்கு மேலே இருந்த ஹோட்டலில் அவர்களுக்காகக் காத்திருந்தார் அதன் முதலாளி பாலசுப்பிரமணியம். ஐம்பத்தெட்டு வயது, வெள்ளை அரைக்கைச் சட்டை, தங்க ஃபிரேம் கண்ணாடி. வரவேற்பறைச் சுவர் முழுக்கப் படங்கள். யானை, சிறுத்தை, ஒட்டகச்சிவிங்கி. எல்லாம் அவரே எடுத்தவை. அவருடைய மைத்துனர் டான்சானியாவில் லாரித் தொழில் செய்தவர். ஏழு வருஷத்துக்கு முன்னால் அங்கே போய், ஒரு தேசியப் பூங்காவில் மூன்று வாரம் தங்கி எடுத்த படங்களாம். அவற்றை ஸ்லைடாக வைத்துக்கொண்டு மலையில் உள்ள பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் இலவசமாகப் போட்டுக் காட்டுகிறார்.

“போன வியாழக்கிழமை சுற்றுச்சூழல் தினம்னு ஒரு பள்ளிக்கூடத்துல காட்டினோம். காலைல நான் பெரிய வகுப்புக்கு, மத்தியானம் எங்க மேனேஜர் சின்ன வகுப்புக்கு. சாயங்காலம் வந்து பார்த்தா ஒரு ஸ்லைடைக் காணோம். நாற்பத்தேழாம் நம்பர்.”

“ஒண்ணே ஒண்ணா?” என்றார் தேவசிகாமணி.

“ஒண்ணுதான். ஆனா அது எனக்குத் திரும்ப வேணும். சத்தமில்லாம வேணும். போலீஸ் எல்லாம் வேண்டாம்.”

“அதுல என்ன படம்?”

பாலசுப்பிரமணியம் சட்டைப் பொத்தானைத் திருகினார். “சிங்கம். ஒரு கல்லு மேல ஆண் சிங்கம் நின்னுட்டிருக்கும்.”

“முன்னாலயும் பின்னாலயும் இருக்கிற படங்கள்?”

“ஒரே எடத்துல அடுத்தடுத்து எடுத்ததுதான். ஒரு நிமிஷ வித்தியாசம் இருக்கும். உண்மையைச் சொன்னா அந்த மூணையும் நான் எப்பவும் போடறதில்லை. மேனேஜர் தெரியாம டப்பாவோட எடுத்து அடுக்கிட்டார்.”

அதற்குள் யாரோ வந்து அவரைக் கூப்பிட்டார்கள். ஸ்லைடுகள் செருகிய வட்டத் தட்டையும் புரொஜெக்டரையும் ஓர் அறையில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

நாற்பத்தேழாம் இடுக்கு காலியாக இல்லை. அதில் ஸ்லைடு அளவுக்கே வெட்டிய ஒரு சதுர அட்டை செருகியிருந்தது. தேதி கிழிக்கிற காலண்டரின் பின்னட்டை. தேவசிகாமணி அதை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

“காளி, இடுக்கு காலியா இருந்தா என்ன ஆகும்?”

காளியப்பன் கடைசியில் இருந்த காலி இடுக்குக்குத் தட்டைத் திருப்பிப் பார்த்தான். சுவரில் கட்டியிருந்த படுக்கை விரிப்பில் பளீரென்று வெள்ளை வெளிச்சம் அடித்தது. கண்ணை இறுக்கிக்கொண்டான்.

“அட்டை இருந்தா இருட்டா இருக்கும்” என்றார் தேவசிகாமணி. “மத்தியானம் வர்ற சின்னக் குழந்தைகளுக்குக் கண்ணு கூசக்கூடாதுன்னு நினைச்சிருக்காங்க.”

“திருட வந்த எடத்துல தர்மமா? நொம்ப நல்ல திருடனுங்க. நம்ம ஆபீசுக்கும் ஒருக்கா வரச்சொல்லலாம்.”

“ஓரத்துல பாரு. நீலக் கோடு.”

“பள்ளிக்கூடத்துச் சாக்பீஸா இருக்கும்.”

“அது உருண்டை. கோடு தடிமனா விழும். இது பிளேடு முனை மாதிரி மெல்லிசா விழுந்திருக்கு. தட்டைக் கட்டியால போட்ட கோடு. வெட்டு பாரு, பிசிறு இல்லாம ஒரே வெட்டு. பெரிய கத்தரிக்கோல்.”

“டெய்லர்!”

“ஜூன் மாசம் பள்ளிக்கூடத்துல டெய்லருக்கு என்ன வேலை?”

“யூனிஃபார்ம் அளவு எடுக்கற வேலைங்க” என்று எழுந்துவிட்டான் காளியப்பன். “கேஸு முடிஞ்சுது. வாங்க, மலையை விட்டு எறங்கலாம்.”

“உட்காரு. படத்தைப் பார்த்துட்டுப் போகலாம்.”

அறையை இருட்டாக்கிப் பொத்தானை அமுக்கினான். ‘களக்’ என்று ஒரு சத்தம். சுவரில் ஒரு சோடா உப்பு ஏரி விரிந்தது. அதன் கரை முழுக்கப் பூநாரைகள். யாரோ ரோஜாப்பூ மூட்டையை அவிழ்த்துக் கொட்டிய மாதிரி கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே இளஞ்சிவப்பு. அடுத்து, செம்மண்ணைத் தலையில் வாரிப் போட்டுக்கொண்டு செங்கல் நிறமாகிவிட்ட யானைக் கூட்டம், நடுவே தாயின் வயிற்றுக்குக் கீழே ஒரு குட்டி. எரிமலை வாய் ஒன்று, பள்ளத்தாக்காகிப் புல் முளைத்துக் கிடந்தது. விளிம்பிலிருந்து எடுத்த படம், ஏற்காட்டு லேடீஸ் சீட் பாறையிலிருந்து கீழே சேலத்தைப் பார்ப்பது போலவே இருந்தது. ஒட்டகச்சிவிங்கி ஒன்று முன்னங்கால்களை அகட்டி வைத்து, கழுத்தைத் தாழ்த்தித் தண்ணீர் குடித்தது.

“தண்ணி குடிக்க இம்புட்டுப் பாடா? கடவுளு ஒரு சொம்பாச்சும் குடுத்திருக்கலாம்” என்றான் காளியப்பன்.

ஆற்றைக் கடக்கிற வில்டபீஸ்ட் மந்தை. தாடி வைத்த மாடுகள் போல ஆயிரக்கணக்கில், ஒன்றின் முதுகில் ஒன்று மோதிக்கொண்டு கலங்கல் தண்ணீரில் குதித்தன. அடுத்த படத்தில் அதே ஆறு. கரையேற முடியாத ஒரு கன்று மட்டும் நின்றது. காளியப்பன் அவசரமாகப் பொத்தானை அமுக்கிவிட்டான்.

நாற்பத்தாறு. காலை வெயிலில் மஞ்சள் புல்வெளி. எதிர்க்கரை இல்லாத கடல் மாதிரி, வானம் வந்து தொடுகிற வரைக்கும் புல். நடுவில் ஒற்றைக் குடைவேல மரம். மரத்துக்குப் பக்கத்தில் புல்லுக்குள் பாதி புதைந்த மூன்று கருங்கல். கொஞ்சம் தள்ளி வரிக்குதிரைகள் தலையைக் குனிந்து மேய்ந்துகொண்டிருந்தன.

“பொய் சொல்றாரு” என்றார் தேவசிகாமணி.

“யாரு, வரிக்குதிரையா?”

“நம்ம கட்சிக்காரர். ஒரு நிமிஷத்துல இங்க ஒரு சிங்கம் வந்து கல்லு மேல நிக்குமாம். இத்தனை வரிக்குதிரையும் வாலை ஆட்டிக்கிட்டு மேயுமாம். சிங்கம் இருக்கிற எடத்துல எல்லாத் தலையும் ஒரே பக்கம் நிமிர்ந்து நிக்கும். நாற்பத்தேழுல சிங்கம் இல்லை காளி. வேற என்னமோ இருக்கு.”

காளியப்பன் விரிப்புக்கு அருகில் போய் நின்றான். நடுக்கல்லின் மேல் இரண்டு சின்னக் குருவிகள் உட்கார்ந்திருந்தன. சிவந்த மூக்கு.

“எங்கூர்ல எருமை முதுகுல இப்படித்தானுங்க, மைனா குந்திக்கிட்டு உண்ணி பொறுக்கும். இங்க கல்லுக்கே உண்ணி புடிச்சிருக்குது.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். தேவசிகாமணி சிரிக்கவில்லை. “அடுத்ததைப் போடு” என்றார்.

நாற்பத்தெட்டு. கை தவறி எடுத்தது போல, தரை ஒரு பக்கமாகச் சாய்ந்து, கலங்கலாக இருந்தது. அதே மரம். வரிக்குதிரைகள் நின்ற இடத்தில் புழுதி.

“கல்லு எத்தனை?” என்று கேட்டார் தேவசிகாமணி.

காளியப்பன் எண்ணினான். மறுபடியும் எண்ணினான். “ரெண்டுங்க.”

“முந்தின படத்துல?”

“மூணு.” அவன் குரல் இறங்கிவிட்டது. “ஏனுங்க சார், ஆப்பிரிக்காவுல கல்லு நடக்குமா?”

* * *

பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் வேடியப்பன் குடையை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். கேட்காததையும் சொன்னான்.

“டெய்லருங்களா? தலைச்சோலை ராசாத்திதானுங்க வந்துச்சு. அன்னிக்கு ஹாலுக்குப் பின்னால நின்னு புள்ளைங்களுக்கு அளவு எடுத்துக்கிட்டிருந்துச்சு. படம் ஓடிக்கிட்டிருக்குது. திடீர்னு கதவைப் புடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருச்சுங்க. என்ன கண்ணுன்னு கேட்டேன். தலை சுத்துதுன்னு சொல்லுச்சு. தண்ணி குடுத்தேன்.”

“அப்போ என்ன படம் ஓடிச்சு?”

“ஒரு மரம் வந்துச்சுங்க. அப்புறம் யாரோ ஆளு நிக்கற மாதிரி ஒண்ணு. கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள அதை மாத்திட்டாரு மொதலாளி.”

“ஆளா? சிங்கம் இல்லையா?”

“சிங்கம் எங்கீங்க? ஆளுதான். சட்டை போட்டிருந்துச்சு.”

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஹால் திறந்தே கிடந்ததாம். ராசாத்தி மட்டும் சாப்பிடப் போகவில்லையாம்.

ஒண்டிக்கடை முக்கில் ஷேர் ஜீப் பிடித்தார்கள். உள்ளே பதினாலு பேர், நாலு பலாப்பழம். ஒரு பலாப்பழம் காளியப்பனின் மடியில் உட்கார்ந்துகொண்டு வந்தது. “இதுக்கும் சேத்து எங்கிட்டத்தான் டிக்கெட் கேப்பாங்க” என்று முனகினான். வழியெல்லாம் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே காப்பித் தோட்டம், மேலே மேகம் இறங்கிச் செடிகளைத் தொட்டுக்கொண்டு நின்றது.

தலைச்சோலையில் தோட்டத்து ஓரமாகத் தனித்திருந்தது ராசாத்தியின் வீடு. வாசலிலேயே தையல் மிஷின் சத்தம் கேட்டது. அவளுக்கு முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். கழுத்தில் இஞ்ச் டேப், கழுத்தில் வேறு ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் மிதிப்பதை நிறுத்தினாள்.

“அந்தப் படத்துக்குத்தானுங்களே வந்திருக்கீங்க? எடுத்தது நாந்தானுங்க. உள்ள வாங்க.”

துப்பறிகிற வேலையில் இப்படி ஒரு வரவேற்பு காளியப்பனுக்குப் புதிது. குனிந்து உள்ளே போனான். அறை இருட்டாக இருந்தது. இருந்த ஒரே சன்னலை மூடிக் கறுப்புத் துணி தைத்துத் தொங்கவிட்டிருந்தாள். துணியின் நடுவில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு சதுரம் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, அதில் அந்த ஸ்லைடை வைத்திருந்தாள். வெளி வெளிச்சம் அந்தச் சின்னச் சதுரத்தின் வழியாக மட்டும் உள்ளே வந்தது. அதற்குக் கீழே ஒரு முக்காலி.

“பாப்பா எட்டிப் பாக்கறதுக்குங்க” என்றாள் ராசாத்தி. “சாந்தின்னு பேருங்க, ஏழு வயசு. பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னால அதும்மேல ஏறி நின்னு அவங்கப்பனைப் பாத்துட்டுப் போவும். எங்கிட்ட வேற போட்டோ இல்லைங்க. கலியாணத்துல எடுத்த ஒண்ணையும் பாஸ்போட்டுக்குன்னு வெட்டிக் குடுத்துட்டோம்.”

அவள் கணவன் செல்லப்பன், பாலசுப்பிரமணியத்தின் ஹோட்டலில் ஜீப் டிரைவர். நல்ல டிரைவர் வேண்டும் என்று முதலாளியின் மைத்துனர் கேட்டதால் டான்சானியாவுக்குப் போனவன். போனபோது ராசாத்தி நாலு மாதக் கர்ப்பிணி. அடுத்த வருஷம் ஆகஸ்டில் முதலாளி அந்தப் பூங்காவுக்குப் போனபோது வண்டி ஓட்டியது அவன்தான்.

“மாசம் ஒரு கடுதாசி போடுவாருங்க. ராசாத்தி, இங்க மறைக்கறதுக்கு ஒரு மலையும் இல்லை, எங்க மழை பேஞ்சாலும் இங்கிருந்தே தெரியுது, மழை பேயற பக்கமா லட்சம் மாடு நடந்து போவுது, அதுங்களுக்கு யாரும் வழி சொல்றதில்லைன்னு எழுதுவாரு. யானை செத்துப்போன எடத்துல மத்த யானையெல்லாம் நின்னு எலும்பைத் தும்பிக்கையால தடவிப் பாத்துட்டுத்தான் போவுமாம். அதைப் பாத்த அன்னிக்கு அவருக்குச் சோறே எறங்கலையாமாங்க.”

தேவசிகாமணி சன்னலை நெருங்கி, சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து அந்தச் சதுரத்தின் மேல் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் காளியப்பனிடம் கொடுத்தார்.

குடைவேல மரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு செல்லப்பன் நின்றிருந்தான். நீலக் கட்டம் போட்ட சட்டை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வாய் நிறையச் சிரிப்பு. அவன் முதுகுக்குப் பின்னால், பத்தடி தள்ளி, அந்த நடுக்கல். குருவிகள் அதைவிட்டு எழும்பி, றெக்கையை விரித்தபடி அந்தரத்தில் இருந்தன.

காளியப்பன் அந்தக் கல்லையே பார்த்தான். மாட்டோடு வளர்ந்தவன் அவன். அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கண்ணாடியைக் கீழே இறக்கினான். தேவசிகாமணி அவனைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். சொல்லாதே என்று அர்த்தம்.

“நல்ல படம்மா” என்றார். “முகம் நல்லாத் தெளிவா இருக்கு. இது உங்ககிட்டயே இருக்கட்டும். நான் முதலாளிகிட்டப் பேசிக்கறேன்.”

ராசாத்தி அவர் முகத்தையே பார்த்தாள்.

“சார், அந்தச் சட்டை நான் தெச்சதுங்க. இடது கைல ஒரு பொத்தான் மட்டும் வேற கலரு. ஒரு செகண்டுதான் செவுத்துல வந்துச்சு, ஆனா அந்தப் பொத்தானை வெச்சு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதனாலதான் எடுத்தேன். மொத நாளு மொகத்தை மட்டுந்தானுங்க பாத்தேன். ரெண்டாம் நாளு சட்டையைப் பாத்தேன். மூணாம் நாளுதான் மத்ததையெல்லாம் பாத்தேன்.” அவள் மிஷின் மேசையிலிருந்து, ஊசியில் நூல் கோக்க வைத்திருந்த சின்ன லென்சை எடுத்துக் காட்டினாள். “அந்தக் கல்லுக்குக் காது இருக்குதுங்க.”

ஓட்டின் மேல் தூறல் விழுகிற சத்தம் கேட்டது.

“உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சும்...” என்று ஆரம்பித்தார் தேவசிகாமணி.

“எனக்கு என்ன சொன்னாங்கன்னு தெரியுமுங்களா?” தகரப் பெட்டியைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். பாலசுப்பிரமணியத்தின் கையெழுத்து. *செல்லப்பன் விஷக் காய்ச்சலில் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து காலமானான். எவ்வளவோ முயன்றோம். மருந்து பலிக்கவில்லை.*

“அதுக்கு ரெண்டு மாசம் முன்னால அவரு எழுதியிருந்தாருங்க. இங்க காய்ச்சல் சாஸ்தியா இருக்குது, நம்ம மலை நெலவேம்பு கொஞ்சம் இடிச்சு அனுப்பு ராசாத்தின்னு. அப்பப் பாப்பா மூணு மாசக் கைக்கொழந்தை. வவுத்தால போயிக்கிட்டே இருந்துச்சு. நாளைக்கு அனுப்பலாம், நாளான்னைக்கு அனுப்பலாம்னு ஒரு மாசம் போயிருச்சு. பார்சல் போட்டு ஒரு வாரத்துல இந்தக் கடுதாசி வருதுங்க. காய்ச்சல்ல செத்துட்டாருன்னு.”

லென்சைத் திரும்ப மேசைமேல் வைத்தாள்.

“அவங்கம்மா சாகற வரைக்கும் என் கையில தண்ணி வாங்கிக் குடிக்கலைங்க. மருந்து அனுப்பாத கைன்னு சொல்லுவாங்க. அவங்க சொன்னது தப்புன்னு எனக்குத் தோணலை. நாந்தான் கொன்னுட்டேன்னு நானும் நெனச்சுட்டேன். இந்த ஏழு வருசத்துல நான் அவருக்குன்னு ஒருக்காக்கூட அழுகலைங்க. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அழுவறது?”

காளியப்பன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். திருடியவள் என்று தேடிக்கொண்டு வந்த பெண் அங்கே உட்கார்ந்திருந்தாள். அவளிடமிருந்து எடுத்துப் போனதை யாரால் திருப்பிக் கொடுக்க முடியும்?

“மொதலாளிய ஒருக்கா இங்க வரச்சொல்லுங்க சார்” என்றாள் ராசாத்தி. “சண்டைக்கு இல்லைங்க.”

* * *

பாலசுப்பிரமணியம் தோட்டத்து மேசையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

“கிடைச்சிருச்சா?”

“கிடைச்சிருச்சு” என்றார் தேவசிகாமணி.

“நீங்க... அதைப் பார்த்தீங்களா?”

“பார்த்தோம். அதுக்கு முன்னாலயே கல்லை எண்ணிட்டோம். மூணு, அப்புறம் ரெண்டு.”

டபரா சாய்ந்து காப்பி மேசை விரிப்பில் ஓடியது. அவர் அதைத் துடைக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். அதைத் திரும்பப் போட்டுக்கொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“அவளுக்குத் தெரியுமா?”

“அவங்கதான் எங்களுக்குச் சொன்னாங்க” என்றான் காளியப்பன். நிலவேம்புக் கதையையும் அவன்தான் சொன்னான். சுற்றி வளைக்காமல், ஒரு சொல் கூட்டாமல் சொன்னான். பாலசுப்பிரமணியத்தின் முகம் அவன் சொல்லச் சொல்ல மாறியதைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“எனக்கு அது தெரியாது” என்றார் அவர் கடைசியில். “சத்தியமா எனக்குத் தெரியாது. காய்ச்சல்னு சொன்னா யாரையும் குத்தம் சொல்ல முடியாதேன்னுதான்...”

“யாரையோ சொல்லிட்டாங்க சார்” என்றான் காளியப்பன்.

ஹோட்டல் ஜீப்பிலேயே தலைச்சோலைக்குப் போனார்கள். தேவசிகாமணி வயிற்றைப் பற்றி நினைக்கவே மறந்துபோயிருந்தார். வீட்டு வாசலில் பாலசுப்பிரமணியம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ராசாத்தி அவருக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. கறுப்புத் துணியையும் அதன் நடுவே ஒளிர்கிற சதுரத்தையும் பார்த்தவர், அதற்கப்புறம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“அங்க வண்டியை விட்டு யாரும் இறங்கக்கூடாது, அது சட்டம்” என்றார். “அவன் சொன்னான், வேண்டாங்க, சட்டமில்லைன்னு. நான்தான் இறங்குடான்னேன். மரத்துப் பக்கத்துல ஆள் நின்னாத்தான் மரம் எவ்வளவு பெருசுன்னு படத்துல தெரியும்னு சொன்னேன். கல்லுன்னுதான் நினைச்சேன் ராசாத்தி. ரெண்டு பேருமே கல்லுன்னுதான் நினைச்சோம். கிழட்டுக் காட்டெருமை, புல்லுக்குள்ள படுத்திருந்திருக்கு.”

“கூப்பிட்டாருங்களா?”

“என்னது?”

“கடைசியா. யாரையாச்சும் கூப்பிட்டாருங்களா?”

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். “போட்டோ எடுத்தாச்சுங்களான்னு கேட்டான். எடுத்தாச்சுன்னேன். சிரிச்சுட்டே இந்தப் பக்கம் ஒரு எட்டு வெச்சான். அவ்வளவுதான். பத்து நாளெல்லாம் இல்லைம்மா. பத்து நிமிஷம்கூட இல்லை. நான் கேமராவைப் போட்டுட்டுக் கதவைத் திறந்தேன். அதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. அந்தப் பூங்காவுக்கு வெளியில ஒரு சின்ன ஊரு. அங்கதான் அடக்கம் பண்ணோம். தலைமாட்டுல கல்லு நட்டுப் பேரு எழுதியிருக்கு, இங்கிலீஷ்ல.”

ராசாத்தி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு மிஷின் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, அளவுகள் எழுதாத பக்கமாகப் பார்த்துத் திருப்பி, அவர் முன்னால் வைத்தாள்.

“எழுதிக் குடுங்க மொதலாளி. சாந்திக்கு. அது பெரிசான பொறவு படிக்கட்டும்.”

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து மிஷின் பலகையின்மேல் வைத்து எழுதினார். இரண்டு வரி எழுதி நிறுத்தினார். ராசாத்தி தோளுக்கு மேலாகக் குனிந்து படித்தாள்.

“விபத்துல எறந்துட்டாருன்னு எழுதியிருக்கீங்க. அது சரிதானுங்க. ஆனா அதுக்கு முன்னால ஒரு வரி வேணும்.”

“என்ன வரி?”

“எறங்கச் சொன்னது நாந்தான்னு எழுதுங்க. அப்புறம், உங்கம்மா அனுப்புன மருந்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு எழுதுங்க.”

பேனா நகரவில்லை. ஹோட்டல் முதலாளி, ஊர்ப் பெரிய மனிதர், ஒவ்வொரு கோடை விழாவிலும் மாலை போட்டுக்கொள்கிறவர். வேறு ஒரு நாளாக இருந்தால் காளியப்பன் இதையெல்லாம் சொல்லிக் காட்டியிருப்பான். இப்போது அவர் கழுத்து நரம்பு துடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில் அவர் எழுதினார். இரண்டு வரியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுந்தபோது அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே போய் ஜீப்புக்குள் உட்கார்ந்துவிட்டார்.

“எங்க வேலை முடிஞ்சுதும்மா” என்றார் தேவசிகாமணி. “படம் உங்ககிட்டயே இருக்கட்டும். வர்ற வழியில அவரும் அதைத்தான் சொன்னார்.”

ராசாத்தி தலையசைத்தாள். அந்தத் தாளை முதலிலிருந்து எழுத்துக் கூட்டி மெல்லப் படிக்க ஆரம்பித்தாள். இருவரும் வெளியே வந்தார்கள். தூறல் நின்றிருந்தது.

ஜீப்பை நோக்கிப் பாதி தூரம் போயிருப்பார்கள். பின்னால் வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் யாரோ இருமுகிற மாதிரி இருந்தது. அப்புறம் அது நீண்டது, உயர்ந்தது. ஒரு பெண் பெயர் சொல்லி, மார்பில் அறைந்துகொண்டு அழுகிற அழுகை. காப்பிச் செடிகளுக்கு மேலாகப் போய் எதிர்ச் சரிவு வரைக்கும் கேட்டது.

மேட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் பதறிப்போய் ஓடி வந்தாள். பாப்பாத்தி என்று பெயர், பக்கத்து வீட்டுக்காரி. கையில் களைக்கொத்து இருந்தது.

“ஏனுங்க, ராசாத்தி ஊட்டுலீங்களா? யாரு சாமி போயிட்டாங்க?”

தேவசிகாமணி காளியப்பனைப் பார்த்தார்.

“செல்லப்பனுங்க” என்றான் காளியப்பன். “அவங்க ஊட்டுக்காரரு.”

“அவன் போயி ஏழு வருச...” என்று ஆரம்பித்த பாப்பாத்தி நிறுத்தினாள். அந்த அழுகையைக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். களைக்கொத்தை வேலியோரம் போட்டாள். கொண்டையை அவிழ்த்து முடியைத் தோளில் விரியவிட்டுக்கொண்டு, வேறு எதுவும் கேட்காமல் வீட்டுக்குள் போனாள்.

தோட்டத்து மேட்டிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.